அரைப் பேரும் ஆறு மெகாபிக்சலும்

கனடாவில் வாழும் உறவுக்காரப் பையன் ஒருவன் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்திருந்தான். என் அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும் நிக்கோன் டி70 கெமராவைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான். "மாமா, இப்ப எங்கட பெடியள் எல்லாரும் பழைய சி.சி.டி. கெமராவைத்தான் தேடித் திரியினம். அதின்ர நிறம் இப்பத்தைய கெமராக்களில வராது" என்றான். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் 6 மெகாபிக்சல் போதாது என்று மூக்கைச் சுளித்த உலகம் இன்று அதே 6 மெகாபிக்சலைத் தேடி வருகிறது. பழைய சைக்கிளுக்கும் பழைய வானொலிக்கும் வந்த காலம் பழைய கெமராவுக்கும் வந்திருக்கிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆனால் உரையாடலின் நடுவே அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. மலிவு விலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமராக்கள் வந்த பிறகுதான் புகைப்படக்கலை "ஜனநாயகம் ஆனது" என்றான் அவன். இது அவனுடைய சொந்தக் கருத்தன்று. அந்தக் கெமராக்களைப் பற்றி எழுதுகிற பலரும் இதையே சொல்லி வருகிறார்கள். கெமராவை அவனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை மட்டும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட விரும்புகிறேன். ஏனென்றால், அந்த ஜனநாயகம் மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நாட்களில் நானும் அங்கே நின்றிருந்தேன். அது யாருக்கு வாக்குரிமை கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். கொடுக்காதவர்களில் நானும் ஒருவன்.

முதலில் அந்தக் கருவிகளுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம்.

1991 இல் கொடாக் நிறுவனம் நிக்கோன் எஃப்3 கெமராவின் உடலைக் கொண்டு உருவாக்கிய முதலாவது வணிக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். 1.3 மெகாபிக்சல் திறன் கொண்டது. படங்களைச் சேமிப்பதற்கான பெட்டியைத் தனியே தோளில் சுமக்க வேண்டும். விலையோ பெரும் செய்தி நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகக் கூடியது. 1999 இல் வந்த நிக்கோன் டி1 2.7 மெகாபிக்சல் கொண்டது. அதன் விலை 5,000 டொலருக்கு மேல். 2000 ஆம் ஆண்டில் கெனன் டி30 வந்தபோது விலை 3,000 டொலர் அளவுக்கு இறங்கியது. கொழும்பில் இருந்த எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் இவற்றையெல்லாம் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

2003 ஓகஸ்ட் மாதத்தில் கெனன் ஈ.ஓ.எஸ். 300டி அறிவிக்கப்பட்டது. 6.3 மெகாபிக்சல், வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உடல், 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையிலான சிறிய லென்ஸ். எல்லாம் சேர்ந்து 1,000 டொலருக்கு ஒரு டொலர் குறைவு. உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 இன் தொடக்கத்தில் நிக்கோன் டி70 பதிலுக்கு வந்தது. 2005 இல் 8 மெகாபிக்சலுடன் கெனன் 350டியும், விலை குறைந்த நிக்கோன் டி50யும். 2006 இல் உணரியின் மீது படியும் தூசியைத் தானே உதறிக்கொள்ளும் கெனன் 400டி, கொனிகா மினோல்டாவின் கெமராத் தொழிலை வாங்கிக்கொண்ட சோனியின் ஆல்பா 100, கைக்கு அடக்கமான நிக்கோன் டி40. 2008 இல் வந்த நிக்கோன் டி90, காணொளியும் எடுக்கக்கூடிய முதலாவது டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்ற பெயரைப் பெற்றது. ஐந்தே ஆண்டுகளில் இத்தனை மாற்றம். சுருளும் இல்லை, இருட்டறையும் இல்லை, கழுவி வரும்வரை காத்திருப்பதும் இல்லை.

இவற்றுக்கு வணிகம் சூட்டிய பெயர் "தொடக்கநிலைக் கெமரா". இந்தப் பெயருக்குள் ஒரு சூட்சுமம் இருந்தது. 300டியின் உணரியும், அதே ஆண்டில் கூடுதல் விலைக்கு விற்கப்பட்ட 10டியின் உணரியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் 300டியில் ஒளியளவீட்டு முறையை நீங்களாகத் தெரிவு செய்ய முடியாது. குவியத்தை எப்படிப் பிடிப்பது என்பதையும் கெமராவே முடிவு செய்யும். மின்னொளியைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. இவற்றுள் சில வசதிகள் கெமராவின் மென்பொருளுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்பதைப் பயன்படுத்தியவர்கள் பின்னர் கண்டுபிடித்து, மென்பொருளை மாற்றித் திறந்துகொண்டார்கள். கருவிக்கு ஆற்றல் இருந்தது. "உனக்கு இவ்வளவு போதும்" என்று மேலே இருந்தவர்கள் தீர்மானித்திருந்தார்கள். தோட்டத்துப் பாடசாலையில் படித்த ஒரு பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட மக்களில் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியதும் அதே 2003 ஆம் ஆண்டில்தான். 55 ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமைகள் பூட்டியே வைக்கப்பட்டிருந்தன.

"ஜனநாயகம்" என்ற சொல்லுக்கு வருவோம். 2006 இன் இறுதியில் நிக்கோன் டி40 லென்ஸுடன் 599 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 65,000 ரூபா. இறக்குமதி வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் நான் இதில் சேர்க்கவில்லை. 2009 இல் கூட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட பின்னரும் ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்து, 405 ரூபா. அதாவது அரிசியும் மாவும் வாங்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல், 160 நாட்கள் ஒரு நாள் விடாமல் மலையேறிக் கொழுந்து பறித்தால் "எல்லோருக்குமான" அந்தக் கெமராவை வாங்கலாம். உலகிலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட உழைப்பாளர்களுள் கொழுந்து பறிக்கும் பெண்களும் அடங்குவர் என்று நான் துணிந்து சொல்வேன். அவர்கள் படம் பிடிக்கப்பட்டார்கள், பிடிக்கவில்லை.

ஆனாலும், விலை என்பது என் வழக்கின் சிறிய பகுதிதான். வசதி உள்ளவனிடம் கெமரா இருப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கெமராவை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்பதே என் கேள்வி.

2004 இல் தலவாக்கலைக்கு அருகே உள்ள தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். புதிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதுவது நோக்கம். அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளி நிற 300டியோடு இளம் புகைப்படப் பிடிப்பாளர் ஒருவரும் கூட வந்திருந்தார். மாலை நிறுவை நேரம். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் தராசின் முன்னால் வரிசையில் நின்றார்கள். பின்னால் மலை முழுக்கப் பனிமூட்டம். சுருள் இருந்த காலத்தில் 36 படங்களை எண்ணி எண்ணி எடுத்த எங்கள் தொழிலில், அந்த இளைஞர் ஒரு மணித்தியாலத்துக்குள் இருநூறு தடவை பொத்தானை அமுக்கினார். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கெமராவின் முதுகில் இருந்த 1.8 அங்குலத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நானும் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கேட்டார்: "ஏங்கய்யா, அந்தப் பொட்டியில நான் இருக்கேனா?"

"இருக்கிறீங்க அம்மா. நல்லா வந்திருக்கு" என்றேன்.

"பேரக் கேக்காமலே போறீங்களே. இங்க கொழுந்து கொறஞ்சாக்கூட அரைப் பேராச்சும் போடுவாங்க. நீங்க அதுவும் போடலியே?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். வானுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டு வந்துவிட்டோம். பெயரைக் கேட்கவில்லை. திரையைத் திருப்பி அவருக்குக் காட்டவும் இல்லை.

தோட்டத்தின் பேச்சை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மலையகத்தில் "பேர்" என்றால் வெறும் பெயர் மட்டுமன்று. ஒரு நாள் வேலைக்கான பதிவும் அதுவே. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். குறிக்கப்பட்ட அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர். கணக்கப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் பேர் வெட்டப்படும். தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் தங்கள் பெயருக்காகவே மலையேறி இறங்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முழுப் பாரத்தோடும்தான் அந்த அம்மா எங்களிடம் கேட்டார். நாங்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் நான்கு பத்திகளுக்கு அச்சானது. கீழே இருந்த வாசகம்: "மலையகத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் பெண்." அதற்கடியில் சிறிய எழுத்தில் படம் எடுத்தவரின் பெயர். கட்டுரையின் தலையில் என் பெயர். பிரஜாவுரிமை பற்றி, அடையாளம் பற்றி, நாடற்றவர் என்ற இழிவு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நான், என் முன்னால் நின்று பெயரைக் கேட்கச் சொன்ன ஒரு பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்திருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துப் பழைய இறுவட்டு ஒன்றில் அந்தப் படத்தின் மூலக் கோப்பு அகப்பட்டது. கணினியில் திறந்து, அதன் விவரங்களைப் பார்த்தேன். டிஜிட்டல் கெமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற தகவல் தொகுதி ஒன்று தானாகவே எழுதப்படுகிறது. கெமராவைத் தயாரித்தவர் பெயர் இருந்தது. மாதிரியின் பெயர் இருந்தது. லென்ஸ் எத்தனை மில்லிமீற்றரில் நின்றது, கதவு எவ்வளவு நேரம் திறந்தது, துவாரம் எவ்வளவு அகலம், மின்னொளி எரிந்ததா இல்லையா, எந்தத் திகதி, எத்தனை மணி, எத்தனையாவது விநாடி என எல்லாம் இருந்தன. கெமராவின் தொடர் இலக்கம்கூட இருந்தது. அந்தக் கெமராவில் உரிமையாளரின் பெயரைப் பதிந்து வைப்பதற்கென்றே ஓர் இடம் உண்டு. அதில் எங்கள் அலுவலகத்தின் பெயர் இருந்தது. படத்தில் இருந்தவரின் பெயர் மட்டும் எங்குமே இல்லை.

கெமராவின் மீது பழி போடாதீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான் போடவில்லை. கெமரா தன்னால் அறிய முடிந்ததை ஒன்று விடாமல் எழுதிவைத்தது. தன் கடமையைச் செய்யாதவன் அதை வைத்திருந்தவனே. பெயரை எழுத இடம் இல்லாமலும் இல்லை. செய்தி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஐ.பி.டி.சி. முறையில் படக் கோப்புக்குள்ளேயே விளக்கம் எழுதலாம். அது அந்தக் காலத்திலேயே இருந்தது. என்னுடைய டி70இல் படத்தோடு சேர்த்து 36 எழுத்துகள் வரையில் ஒரு குறிப்பை எழுதி வைக்கும் வசதியும் உண்டு. தமிழில் எழுத முடியாது, ஆங்கில எழுத்தில்தான். ஆனாலும் ஒரு பெயருக்கு 36 எழுத்துகள் தாராளம். நான் அதை ஒரு தடவைதான் பயன்படுத்தினேன், என் சொந்தப் பெயரை எழுதுவதற்கு.

இந்த வழக்கம் டிஜிட்டல் யுகத்தோடு தொடங்கியதுமன்று. பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலயத்தின் முற்றத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அங்கே உறங்குகிறார். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவோடு கலையைத் தொடங்கியவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875 இல் இங்கு வந்தார். 1879 ஜனவரியில் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் இருப்பவர்களை உலகம் பெயரோடு அறியும்: கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியலாளர் ஹேர்ஷல். மாதா வேடத்தில் நிறுத்திய அவருடைய வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் தெரியும். இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியுள்ள சில படங்களில் நேரே கண்ணைப் பார்த்தபடி நிற்கும் பெண்கள், பிள்ளைகள், உழைப்பாளர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள்.

கண்ணாடித் தட்டில் ஈரப் பசை பூசி, உருவம் அசையாமல் விநாடிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. அதிலிருந்து ஒரு விநாடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கில் படம் எடுக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம். இடையில் 130 ஆண்டுகள் ஓடிவிட்டன. கோப்பி போய்த் தேயிலை வந்தது, வெள்ளைக்காரத் துரை போய் உள்ளூர்த் துரை வந்தார். படத்தின் கீழே எழுதும் வாசகம் மட்டும் மாறவில்லை.

சொல்லப்போனால், மலிவு விலைக் கெமராக்கள் இந்த நோயை ஒரு விதத்தில் அதிகமாக்கின. சுருள் காலத்தில் எங்களிடம் ஒரு சாட்டு இருந்தது: படம் கழுவ வேண்டும், அச்சுக்குப் பணம் வேண்டும், அடுத்த முறை கொண்டுவருகிறோம். டிஜிட்டலில் அந்தச் சாட்டு செத்துப்போனது. பொத்தானை அமுக்கிய மறுகணமே திரையில் முகம் தெரிந்தது. எடுக்கப்பட்டவர் எடுத்தவனோடு சேர்ந்து நின்று தன் படத்தைப் பார்க்கக்கூடிய வாய்ப்பு இந்தத் தலைமுறைக் கெமராவோடுதான் பரவலாக வந்தது. "ஜனநாயகம்" என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியான ஒன்று அந்தக் கெமராவில் இருந்திருந்தால், அது அந்தத் திரைதான். நாங்கள் அதை எங்கள் பக்கமே பிடித்துக்கொண்டோம்.

பிறகு தூர லென்ஸ்கள் மலிவாயின. 18-55 லென்ஸோடு போனவன் முகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வானை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு இடையே நடந்து, பக்கத்தில் போய், நாலு வார்த்தை பேசியாக வேண்டும். 55-200, 70-300 என்று லென்ஸ்கள் வந்த பிறகு ஹட்டன் வீதியிலே வாகனத்தை ஓரங்கட்டி, டெவன் நீர்வீழ்ச்சியை ஒரு படம், எதிர்ச்சரிவில் குனிந்து நிற்கும் பெண்ணை ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு போகலாம் என்றாயிற்று. அந்தப் பெண்ணுக்குத் தான் எடுக்கப்பட்டதே தெரியாது. நீர்வீழ்ச்சிக்காவது பெயர் இருந்தது.

பனிமூட்டத்தில் படம் எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பின்னால் வெண்மையாகப் பனி நிற்கும்போது கெமராவின் தானியங்கி அளவீடு "வெளிச்சம் அதிகம்" என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கும். பனியும் பச்சையும் அழகாக வரும். கறுத்த முகம் இருளில் மூழ்கிவிடும். இதற்கு மருந்து மிகச் சுலபம். மலிவான அந்த 300டியிலேயே வெளிச்சத்தை ஒரு படி கூட்டும் வசதி இருந்தது. அதைக் கூட்டுவதா என்பது, நீங்கள் பனியைப் படம் பிடிக்க வந்தவரா, மனிதரைப் படம் பிடிக்க வந்தவரா என்பதைப் பொறுத்தது. அக்காலத்துப் படங்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இன்றும் கிடக்கின்றன. நீங்களே பாருங்கள்.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு ரொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்கு வந்தார்கள். வந்தவர்கள் கைகளில்தான் அந்த வெள்ளி நிறக் கெமராக்களை நான் முதன்முதலாக அதிகம் கண்டேன். யாழ்ப்பாணத்தில் அவர்கள் எடுத்த படங்களுக்குப் பெயர்கள் இருந்தன: அம்மம்மா, சின்ராசா மாமா, எங்கட வீட்டு முற்றத்து மாமரம். மூன்று நாள் நுவரெலியாச் சுற்றுலாவில் எடுத்த படங்களுக்கு "தேயிலைத் தோட்டத்தில்" என்பதே விளக்கம். ஒரே மொழி பேசும் மக்கள். "உங்கட பேர் என்ன அம்மா?" என்று கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத உல்லாசப் பயணிகள் நாம் மட்டுமே. வெள்ளைக்காரனுக்குக்கூட அந்தச் சமாதானம் உண்டு, நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் இதை என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். நமக்கு அந்த மக்கள் எப்போதும் உறவினர்களாக இருந்ததில்லை, காட்சியாகவே இருந்திருக்கிறார்கள்.

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்ல. பெயரைப் போட்டால் தோட்ட நிர்வாகத்தால் அந்தத் தொழிலாளிக்குத் தொல்லை வராதா என்று சக பத்திரிகையாளர்கள் கேட்பார்கள். வரலாம். சம்பளப் போராட்டத்தின்போது நாங்களே பலரின் பெயர்களை மறைத்திருக்கிறோம். ஆனால் கேட்டு அறிந்து, அவர் விருப்பப்படி மறைப்பது வேறு. கேட்காமலே விடுவது வேறு. "பெயர் வெளியிட விரும்பாதவர்" என்ற இரண்டு மூன்று சொற்களுக்குள் ஒரு மனிதரின் முடிவு இருக்கிறது. "கொழுந்து பறிக்கும் பெண்" என்பதற்குள் யாருடைய முடிவு இருக்கிறது?

படம் எடுத்ததற்குப் பணம் கொடுத்துவிட்டோமே என்பார்கள் பயணிகள். கொடுத்ததில் தவறில்லை. ஆனால் நூறு ரூபா கொடுத்தால் அவருடைய நேரத்துக்குக் கூலி தீரும், பெயர் தீராது.

இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே, பழங்கதை எதற்கு என்பவர்களும் உண்டு. உண்மைதான், காலம் மாறிவிட்டது. நிக்கோனின் தொடக்கநிலை வரிசை 2018 இல் வந்த டி3500 உடன் முடிந்துபோனது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தங்கள் மலையை, தங்கள் கோவில் திருவிழாவை, தங்கள் லயன்களின் ஒழுகும் கூரையைத் தாங்களே படம் பிடித்துத் தங்கள் பெயரிலேயே வெளியிடுகிறார்கள். யாரோ விற்றுவிட்டுப் போன பழைய 400டியையும் டி40ஐயும் வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் படம் எடுத்துத் தொழில் கற்ற இளைஞர்களை நான் ஹட்டனில் சந்தித்திருக்கிறேன். புகைப்படத்தில் ஜனநாயகம் என்று ஒன்று மலையகத்துக்கு வந்திருக்குமானால் அதை இவர்கள்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் இவர்களுடைய தாய்மாரின் இளமைக் காலம், பாட்டிமாரின் முகம் எல்லாம் யாரிடம் இருக்கின்றன? நம்மிடம் இருக்கின்றன. நம் பழைய கணினிகளிலும், பரணில் கிடக்கும் வன்தட்டுகளிலும்.

இது உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைப் பகுதியில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்து விழுந்தது. லயன்கள் மனிதர்களோடும் உடைமைகளோடும் மண்ணுக்குள் போயின. எத்தனை பேர் புதைந்தார்கள் என்ற எண்ணிக்கை அதன் பிறகு நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. வீடு புதையும்போது சுவரில் தொங்கும் படமும் சேர்ந்தே புதைகிறது. மலையகத்தில் லயன்கள் தீப்பற்றி எரிவது இன்றும் ஓயாத செய்தி. ஒரு வரிசை முழுவதும் எரியும்போது அடையாள அட்டையோடு தாயின் ஒரே புகைப்படமும் எரிந்துபோகிறது. அதே தாயின் படம் உலகின் ஏதோ ஒரு மூலையில், யாரோ ஒருவரின் "இலங்கைப் பயணம் 2005" என்ற கோப்புறைக்குள் பத்திரமாக இருக்கக்கூடும். பெயரில்லாதபடியால் அது வீடு திரும்ப வழியில்லை.

கடந்த ஆண்டு நான் அந்த 2004 ஆம் ஆண்டுப் படத்தைக் கொழும்பில் அச்செடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். கோப்பில் இருந்த திகதியும் நேரமும்தான் கைகொடுத்தன. அன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுத்திருப்பார்கள், எந்த நிறுவைக் கொட்டிலில் நின்றிருப்பார்கள் என்று வயதான கங்காணி ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்றாவது லயனில் அந்த அம்மா இருந்தார். அறுபது கடந்துவிட்டது, ஓய்வு பெற்றுவிட்டார். படத்தைக் கையில் வாங்கி, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது நானாங்க? அப்ப பல்லு எல்லாம் இருந்திருக்கு" என்றார்.

இந்த முறை பெயரைக் கேட்டேன். சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்து, செக்ரோலில் இருப்பது போலவே சொன்னார். இணையத்தில் எழுதலாமா என்று கேட்டேன். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் எதுக்குங்க? படத்துக்குப் பின்னாடி எழுதிக் குடுங்க, போதும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆகவே அந்தப் பெயர் இங்கே வராது.

என் உறவுக்காரப் பையனுக்கு டி70ஐ அடுத்த வாரம் அனுப்பிவைக்கப் போகிறேன். அதில் என் பெயரை எழுதியிருந்த குறிப்பை அழித்துவிட்டேன். அந்த 36 எழுத்துகளை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாசகர்களிடம் நான் கேட்பதும் பெரிய காரியமன்று. அந்த ஆண்டுகளில் நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ போய்க் கெமராவோடு திரும்பி வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பழைய வன்தட்டைத் தேடி எடுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் படங்களைப் பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் திகதியும் நேரமும் இருக்கும். அன்று எந்த ஊரில் நின்றீர்கள், எந்தத் தோட்டத்தைக் கடந்தீர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஓர் ஆசிரியரையோ கோவில் நிர்வாகியையோ கண்டுபிடித்து, இரண்டு அச்சுப் பிரதிகளை அனுப்புங்கள். ஒன்று வீட்டுக்கு, மற்றையது பின்னால் பெயரை எழுதி உங்களுக்குத் திரும்பி வருவதற்கு. ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கு மேல் செலவாகாது.